மூழ்கிய கப்பலின் மிச்ச மதிப்பு

சட்டம் என்று ஒன்று இருப்பதால்தான் கிரேக்கத் தீவுகளைச் சுற்றிக் கடல் அடக்க ஒடுக்கமாக இருக்கிறது என்பது துறைமுக அதிகாரி கோஸ்மாஸ் அவர்களின் மேலான அபிப்பிராயம். தேனீ வளர்க்கும் எவ்தோகியாவுக்கும் அதில் ஆட்சேபணை இருந்ததில்லை, அவளுடைய பெட்டிகள் கடலுக்குள் போகும்வரை.

பக்கத்துத் தீவில் தைம் என்ற மணச்செடி பூக்கும் பருவத்தில் தேனீப் பெட்டிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோவது அவள் வழக்கம். அந்த வருஷமும் போனாள். கேப்டன் ஸ்டமாடிஸ் புது மாப்பிள்ளை. மாமியார் வீட்டைக் கடக்கும்போது கரையை ஒட்டிப் போய்க் கப்பல் சங்கை ஊதி வணக்கம் வைப்பது அங்கே மாப்பிள்ளைக் கேப்டன்களுக்கு மரியாதை.

“இன்னும் கிட்டப் போப்பா, மாமியாருக்குக் காது மந்தம்!” என்று பயணிகள் உற்சாகப்படுத்தினார்கள். போனார். பாறையில் மோதினார்.

மீன்படகுகள் வந்து எல்லாரையும் அள்ளிக்கொண்டன. தேனீக்களைச் சேர்க்காவிட்டால் உயிர்ச்சேதம் இல்லை. எவ்தோகியாவின் பிழைப்பு முழுவதும் தண்ணீருக்குள் போயிற்று. ஒரே ஒரு பெட்டி மட்டும் மிதந்து கரை ஒதுங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு நேரே துறைமுக அலுவலகம் போனாள்.

“நஷ்டஈடு தாராளமா உண்டும்மா,” என்றார் கோஸ்மாஸ். “விபத்துக்கு அப்புறம் கப்பல்ல என்ன மிச்சமோ, அதோட மதிப்பு வரைக்கும் முதலாளி பொறுப்பு.”

“என்ன மிச்சம்?”

“சங்கு.”

“அடப்பாவி! அப்போ லேசா இடிச்சிருந்தா?”

“ஐயோ, முதலாளி நடுத்தெருவுக்கு வந்திருப்பார்! நல்லவேளை, முழுசா முழுகிச்சு.”

“இன்ஷூரன்ஸ் பணத்துல புதுக் கப்பல் வாங்கிட்டாராமே?”

“அது கப்பல் இல்லாம போனதுக்கு வந்த பணம். கப்பல்ல மிச்சமானது இல்லையே! ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாதும்மா.”

பாறையில் சிக்கிக் கிடைத்த சங்கை அறுத்துப் பங்கு போட இயலாதாகையால், பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவரும் அதை ஒருமுறை ஊதிக்கொள்ளலாம் என்று உத்தரவு பிறந்தது. எவ்தோகியாவும் வரிசையில் நின்று ஊதினாள். வயிறு பற்றி எரிந்தது.

இந்தத் தத்துவம் ஊருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கருகிய ரொட்டியில் கருகாத ஓரத்துக்கு மட்டுமே தான் பொறுப்பு என்றார் ரொட்டிக்கடைக்காரர். மீசையில் பாதியைச் சிரைத்துவிட்ட நாவிதர், மிச்சப் பாதிக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டார். பள்ளிப் பிள்ளைகள்கூட, மறக்காமல் மிச்சமிருக்கும் பாடத்தில்தான் கேள்வி கேட்கலாம் என்றார்கள். கோபப்படுவது பட்டிக்காட்டுத்தனம் என்று ஆகிவிட்டது.

எவ்தோகியா தன் ஒற்றைப் பெட்டியை அலுவலக ஜன்னலுக்கு அடியில் வைத்துவிட்டாள். கோஸ்மாஸ் மதியத் தூக்கத்தில் இருந்தபோது ஒரு தேனீ வந்து அவருடைய மூக்கில் கொட்டியது.

“உன் தேனீ! நீதான் பொறுப்பு! எடு நஷ்டஈட்டை!” என்று குதித்தார்.

“தாராளமா தர்றேன் ஐயா. கொட்டின தேனீ அப்பவே செத்துப் போச்சு. அதுல மிச்சம் கொடுக்கு ஒண்ணுதான். அதுவும் உங்க மூக்குலயே இருக்கு. வெச்சுக்குங்க.”

கோஸ்மாஸ் யோசித்தார். சட்டப்படி சரியாகத்தான் இருந்தது. ஊரே சிரித்தது. எவ்தோகியாவும் வாய்விட்டுச் சிரித்தாள், வீட்டுக்குப் போய் அழுதாள்.

அடுத்த பருவத்தில் புதுக் கப்பல் புறப்பட்டது. அதே கேப்டன். பழைய இரும்பு என்று வாங்கிப் பொருத்திய அதே சங்கு. வேறு கப்பல் ஏது? மிச்சமிருந்த பெட்டியோடு அவளும் ஏறினாள்.

மாமியார் வீடு தெரிந்தது. கப்பல் கரைப்பக்கம் சாய்ந்தது. அவள் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “போகாதே!” என்று கத்த வாயைத் திறந்தாள். அந்த வீட்டு மாடியில் கேப்டனின் மனைவி கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“அடடா, யாரு ஜாடைன்னு தெரியலையே!” என்றாள் எவ்தோகியா. “இன்னும் கொஞ்சம் கிட்டப் போப்பா!”