தக்காளித் தாகப் பெரும்போர்

வெள்ளைக் கோட்டே கவசமாக, கைத்தெளிப்பானே வில்லாக, மூன்றாண்டு முனைவர்பட்டத் தவத்தில் மெலிந்த விரல்களும் மெலியாத பிடிவாதமும் உடையவளாக, ஆய்வுக்கூடத்தார் அனைவராலும் அன்போடும் கொஞ்சம் அலுப்போடும் 'துத்தநாகம்' என்று அழைக்கப்பட்ட அந்த வீராங்கனை வாழ்க. அவள் புகழைச் சொல்லப் புகும் இந்த நா, இடையில் இருமல் வராமல் காக்கப்படுவதாக.

அவள் படையின் பெருமை அளப்பரியது. ஒற்றைத் தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரவர் தோளோடு தோள் நிற்கத்தக்க துத்தநாக ஆக்சைடு நுண்மறவர், அதாவது நானோ துகள்கள், கோடானுகோடியாய் அந்தத் தெளிப்பானுக்குள் குழுமி நின்றனர். களமோ மூன்றாம் மாடிச் செடியறை. அங்கே அணிவகுத்த நாற்பது தக்காளிக் கன்றுகளில் இருபதின் இலைகள்மேல் நுண்மறவரை இறக்கினாள். மற்ற இருபதின் இலைகளுக்கு வெறும் தண்ணீரைத் தூவினாள். பின்னர், பத்து நாள் எவ்வேருக்கும் சொட்டு நீர் இல்லையென முரசறைந்தாள். வறட்சி எனும் கொடுங்கோலன் முன் எந்த அணி தலைநிமிர்ந்து நிற்கும் என்று காண்பதே அவள் விரதம். முன்பு ஒருமுறை பூஞ்சையிடமும் மறுமுறை அசுவினிப் பூச்சியிடமும் தோற்றவள் அவள். "இந்தத் தடவையும் முடிவு வரலைன்னா தலைப்பையே மாத்திடலாம்மா" என்று, தேநீரை ஊதி ஆற்றியபடியே பேராசிரியர் ஊழித்தீர்ப்பு வழங்கியிருந்தார்.

ஐந்தாம் நாள் காலை, மண்ணில் விரல் வைத்தாள். ஈரம்.

இடி விழுந்த மலையென நின்றாள். சுவரின் உச்சியில் மாட்டிய ஏ.சி. ஒழுகுகிறதோ என ஐயுற்று, நாற்காலிமேல் ஏறித் தடவிப் பார்த்து, தூசியை மட்டும் வெற்றிப்பொருளாய்ப் பெற்று இறங்கினாள். நாள் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கிற்று. இம்முறை கதவில், யானையும் தூரத்திலிருந்து படிக்கத்தக்க எழுத்தில், 'நீர்ப்பற்றாக்குறை ஆய்வு நடைபெறுகிறது' என்று ஆணையோலை ஒட்டினாள். மறுநாள் தொட்டிகளின் அடித்தட்டுகளெல்லாம் குளம்போல் நிரம்பித் ததும்பின.

சினம் தலைக்கேற, அடுத்த நாள் பொழுது புலருமுன்னே வந்து, குளிர்பதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடைப்பட்ட ஒரு முழ இடுக்கில் தன் முழு வீரத்தையும் மடித்து ஒளிந்து நின்றாள். கதவு திறந்தது. துடைப்பமே வேலாக, உருளும் வாளியே தேராக, மூன்று மாடித் தூசிக்குலத்தை நாள்தோறும் கருவறுக்கும் பேராற்றல் படைத்த துப்புரவு அக்கா உள்ளே புகுந்தாள். தோள்பையிலிருந்து இரண்டு லிட்டர் புட்டியை உருவினாள்.

"அக்கா, நில்லுங்க."

அக்கா அசரவில்லை. "வந்துட்டியாம்மா? இதுங்கள இப்படி வாட விட்டுட்டு எப்படித்தான் உனக்குத் தூக்கம் வருதோ."

"வேணும்னேதான்க்கா வாட விடுறேன். கதவுல ஒட்டியிருக்கேனே, பாக்கலையா?"

"பாத்தேனே. தண்ணி பத்தாக்குறைன்னு போட்டிருந்துச்சு. அதான் வீட்லேர்ந்து கொண்டாந்தேன்."

மூன்றாண்டுக் கல்வி முழுவதும் அக்கணம் மண்டியிட்டது. துத்தநாகம் இடுக்கிலிருந்து மெல்ல வெளியே வந்து, முதுகில் ஒட்டிய ஒட்டடையோடே, நுண்மறவர் வரலாற்றை முதலிலிருந்து விளக்கினாள். அக்கா புட்டியைக் கீழே வைக்காமலே கேட்டு முடித்தாள்.

"சரி, மருந்தடிச்ச இருபது பொழைச்சுக்கும். அடிக்காத இருபதும் என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

புள்ளியியலில் இதற்கு ஆறு பக்கம் விடை உண்டு. அதை விட்டுவிட்டு, வாளில் ஆகாததை உடன்படிக்கையில் முடித்தாள்: ஜன்னலோரம் உபரியாய் நின்ற ஐந்து கன்றுகள் இனி அக்காவின் ஆட்சிக்கு உட்பட்டவை, அவற்றுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், நாற்பதின் பக்கம் புட்டியின் நிழலும் படலாகாது.

நாள் எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கிற்று. அந்தப் பத்து நாளும் அக்கா செடிகளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து தரை துடைத்த தவத்துக்கு ஈடில்லை. இருமுறை மேசையில் இடித்துக்கொண்டாள். ஆறாம் நாள், "பெருமூச்சு விட்டா ஈரம் பட்ருமாம்மா?" என்று கேட்டாள். படாது என்று தெரிந்ததும் நீளமாக ஒன்று விட்டாள்.

பத்தாம் நாள் விடிந்தது. நுண்மறவர் ஏறிய இருபதில் பதினேழு, வென்ற மன்னனின் கொடிகளென இலை விரித்து நிமிர்ந்து நின்றன. மறு இருபதோ, தோற்ற படையின் தோரணங்களெனத் தொட்டி விளிம்பில் தலை தொங்கிக் கிடந்தன. அளவுகோலோடு வந்த பேராசிரியர் குனிந்து, நிமிர்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, மறுபடி குனிந்து, "பரவால்லையே, தலைப்பு இருக்கட்டும்" என்று திருவாய் மலர்ந்தார். எண்கள் ஏட்டில் ஏறின, படங்கள் எடுக்கப்பட்டன, வறட்சி எனும் கொடுங்கோலன் முடியிழந்தான் என எண்திசையும் அறிய வீராங்கனை மார்நிமிர்த்தி நின்றாள்.

"ஜெயிச்சாச்சுல்ல, இப்பவாவது?" என்றாள் வாசலில் நின்ற அக்கா.

துத்தநாகம் குழாயைத் திறந்து எல்லாச் செடிக்கும் தண்ணீர் ஊற்றினாள்.