எகிப்துச் சாப்பாட்டுக்கு ஓர் ஒத்திகை

மிட்சம், லண்டன்
29.11.2009

அன்புள்ள பாஸ்கரன் அண்ணைக்கு,

தங்கை சுசிலா எழுதிக்கொள்வது. நானும் இவரும் அனுசனும் இந்த வரி எழுதும் நிமிடம் வரை நல்ல சுகம். அங்கே நீங்களும் ஜெயகௌரி மச்சாளும் யனுஷனும் தக்ஷிகாவும் ரொறன்ரோக் குளிரில் இருமல் தடிமன் அண்டாமல் இருக்கவேண்டும் என்று இங்கிருந்தே வேண்டிக்கொள்கிறேன்.

போன ஞாயிறு ரெலிபோனில், "பயணத்துக்கு எல்லாம் சரிதானே?" என்று கேட்டீர்கள். நானும் "ஓம் ஓம்" என்றேன். அது பொய். கடிதம் எழுதுவது அதற்காகத்தான். ரெலிபோனில் சொன்னால் "விசரி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவீர்கள், நானும் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். கடிதம் என்றால் இடையில் குறுக்கிட உங்களுக்கு ஏலாது. ஆகவே நேராகவே சொல்கிறேன். டிசம்பர் இருபத்துமூன்றாம் திகதி மாலை ஏழு மணிக்குக் கெய்ரோவில், நைல் ஆற்றங்கரைச் சாப்பாட்டுக்கடையில், ஏழு பேருக்கு என்று நீங்கள் பதிந்து வைத்திருக்கும் மேசையில் மூன்று கதிரையைக் குறைத்துவிடுங்கள். நாங்கள் வரவில்லை.

கோபிக்கவேண்டாம். இருபத்துமூன்று வருஷமாக நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்க்கவில்லை என்பது எனக்கும் தெரியும். ஒருமுறை எனக்குப் பாஸ்போர்ட் இல்லை, அடுத்தமுறை உங்களுக்கு லீவு இல்லை, அதற்கு அடுத்தமுறை மச்சாளுக்கு ஒப்பரேஷன். நீங்கள் லண்டனுக்கு வந்தால் நான் குசினியை விட்டு வெளியே வரமாட்டேன், கனடாவுக்கு நாங்கள் வந்தால் மச்சாள் வரமாட்டா, ஆகவே இரண்டு பெண்களும் சமைக்க ஏலாத ஒரு நாட்டில் சந்திப்போம் என்று நீங்கள் எகிப்தைப் பிடித்தது நல்ல யோசனைதான். பிள்ளைகளுக்கும் பிரமிட் பார்த்த மாதிரி ஆகும். ஆனால் அதோடு விட்டிருக்கலாம். "பயணிகளுக்கான எகிப்துச் சாப்பாடு" என்று எங்கோ லைப்ரரிப் புத்தகத்தில் பதினொரு பக்கம் போட்டோகொப்பி எடுத்து, சாப்பிடவேண்டிய கறிகளுக்கெல்லாம் மஞ்சள் மை பூசி அனுப்பினீர்களே, அங்கேதான் பிழை வந்தது. நீங்கள் மஞ்சள் பூசாத இடங்களைத்தான் நான் வாசித்தேன். குழாய்த் தண்ணீர் குடிக்காதே. ஐஸ் போடாதே. பச்சை மரக்கறி தொடாதே. தோலுரிக்கக்கூடிய பழம் மட்டும் தின். தெருவில் விற்பதைச் சனம் கூடி நிற்கும் கடையில் மட்டும் வாங்கு. இது சாப்பாட்டைப் பற்றிய புத்தகமா, கண்ணிவெடியைப் பற்றிய புத்தகமா? நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள் என்பதை மறந்துவிட்டீர்கள். எகிப்துக்குப் போய் வந்தவர்களை அவர்கள் கடைக்குள் நுழையும் நடையிலேயே எனக்குத் தெரியும். வாய் திறக்க முன்னமே மருந்தை எடுத்து மேசையில் வைத்துவிடுவேன்.

ஆனாலும் உங்களுக்காக ஒரு முயற்சி செய்து பார்த்தேன். எட்ஜ்வெயர் றோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஆறே மேசையோடு ஓர் எகிப்துக் கடை இருக்கிறது என்று என்னோடு வேலை செய்கிற மெற்றில்டா சொன்னா. போன சனி மத்தியானம் இவரையும் அனுசனையும் கூட்டிக்கொண்டு ஒத்திகைக்குப் போனேன். ஒத்திகை என்றால் ஒத்திகைதான், லண்டன் என்று சலுகை கிடையாது என்று ரியூப் ரெயினில் வைத்தே இருவருக்கும் சொல்லிவிட்டேன். கைப்பைக்குள் மூன்று கரண்டி, போத்தல் தண்ணீர், பன்றிக்காய்ச்சலுக்குக் கை துடைக்கிற ஜெல், ஒரு சின்ன டப்பாவில் மிளகாய்த்தூள். உள்ளே போய் இருந்ததும் வெயிற்றர் தம்பி ஐஸ் போட்ட தண்ணீர்க் குவளை கொண்டுவந்தான். நான் அதைத் தள்ளிவைத்தேன். அனுசன், "அம்மா, இட்ஸ் லண்டன் வோட்டர்!" என்றான். "கெய்ரோவில போய்ப் பழக ஏலாது, இஞ்சயே பழகு" என்றேன். சலாட் வந்தது. அதில் இருந்த தக்காளியை எடுத்துத் தோலுரித்தேன். பிறகு பக்கத்தில் இருந்த கொடிமுந்திரிகைப்பழத்தையும் ஒவ்வொன்றாக உரித்தேன். பக்கத்து மேசைக் கிழவர் தன் சாப்பாட்டை நிற்பாட்டிவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

அடுத்ததாக வடை வந்தது. அசல் எங்கட கடலைப்பருப்பு வடை, அண்ணை, அதே மொறுமொறுப்பு. இவர் ஆசையாக ஒன்றைப் பிய்த்தார். உள்ளே பச்சைப் பசேல். உடனே கீழே வைத்துவிட்டு, "இஞ்சரும், இது பூஞ்சணம்" என்று என் காதுக்குள் சொன்னார். அது பூஞ்சணம் இல்லை, அவரைப் பருப்போடு இலைகுழை அரைத்துச் சேர்க்கிறார்களாம், பெயர் தாமியா என்று வெயிற்றர் தம்பி பொறுமையாக விளங்கப்படுத்தினான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசைக் கிழவருக்கு முழுசாக ஒரு புறாவைக் கொண்டுவந்து வைத்தார்கள், வயிற்றுக்குள் சோறு அடைத்து. இவர் அதைப் பார்த்துவிட்டு, "உது ட்ரஃபால்கர் ஸ்குயரில நிண்டதோ?" என்று கொஞ்சம் பெரிய குரலில் கேட்டுவிட்டார். கிழவருக்குத் தமிழ் தெரியாது என்றாலும் ட்ரஃபால்கர் ஸ்குயர் தெரியும்தானே.

இனித்தான் முக்கியமான கட்டம். முலோக்கியா என்ற கீரைக்கு நீங்கள் மஞ்சள் மை இரண்டு தரம் பூசி, "முதல் நாள் எல்லோரும் இதுதான்" என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அதற்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். கடைக்குள் ஒரே அமைதி. திடீரென்று குசினிக்குள் 'சுர்' என்று ஒரு சத்தம், அதன் பின்னால் ஒரு பெண் மூச்சை உள்ளுக்கு இழுக்கிற சத்தம். "ஹா!" சும்மா மூச்சில்லை, அண்ணை. கதவைத் திறந்ததும் வரக்கூடாத ஆட்கள் நிற்பதைக் கண்டவள் இழுக்கிற மூச்சு. ஊரில் இருந்த காலத்தில் இருந்தே எங்களுக்கு அந்தச் சத்தம் தெரியும்தானே. நான் கத்தினேன். நான் கத்தியதைக் கேட்டு அனுசன் கரண்டியைப் போட்டான். குசினிக்குள் ஒரு சட்டி விழுந்தது. நான் திரும்பிப் பார்த்தேன், இவருடைய கதிரை வெறுமையாக இருந்தது. குசினிக் கதவு ஆடிக்கொண்டிருந்தது, அதற்கு அப்பால் பின்கதவும் ஆடிக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றிரண்டில் இவர் ஒரு சாப்பாட்டுக்கடையில் விசா இல்லாமல் கள்ளமாகக் கோப்பை கழுவின கதை உங்களுக்குத் தெரியும். முன்பக்கத்தில் யாராவது சத்தம் போட்டால் பின்கதவால் ஓடவேண்டும், அதுதான் அந்த வேலையின் முதல் பாடம். இப்போது பெற்றோல் ஸ்ரேஷனில் மனேஜர். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை, தேவையோ இல்லையோ, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டுதான் திரிவார். அனுசன் தேடிப் போய், இரண்டு தெரு தள்ளி ஒரு பஸ் ஸ்ரொப்பில் கண்டுபிடித்தான். கழுத்தில் கடையின் வாய் துடைக்கிற துணி, கையில் பாதி கடித்த தாமியா.

"எந்த பஸ்சுக்கு நிக்கிறீங்கள், அப்பா?"

"வாறது எதுவெண்டாலும்."

"அப்பா, யூ ஹாவ் எ பாஸ்போர்ட்!"

பையைத் தடவிப் பார்த்தாராம். "ஓம், இருக்கு. அது காலுக்குத் தெரியாதே" என்றாராம். பிறகு, "பச்சையா இருந்தாலும் வடை நல்லாத்தான் இருக்கு" என்றாராம்.

இவர்கள் திரும்பி வர முன்னம் சமையல்காரி அகப்பையோடு வெளியே வந்துவிட்டா. நாதியா என்று பெயர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், என்னைவிட அவதான் கூடப் பயந்து போயிருந்தா. வெள்ளுள்ளியையும் மல்லியையும் நெய்யில் பொரித்துக் கீரைக்குள் கொட்டுகிற அந்த நொடியில், சமைக்கிறவள் பயந்தவள் மாதிரி மூச்சை இழுக்கவேண்டுமாம். அவவின் தாயும் அப்படித்தான், தாயின் தாயும் அப்படித்தான். இழுக்காவிட்டால் கீரை வேறு தண்ணீர் வேறாகப் பிரிந்துவிடுமாம். "மெய்யாவே பயப்பிடவேணுமோ?" என்று கேட்டேன். "தேவையில்லை, நடித்தால் போதும்" என்றா. முதல் சட்டி கொட்டுண்டு போனதால் இரண்டாவது சட்டிக்கு என்னையும் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய், "ம், இப்ப!" என்று சைகை காட்டினா. எனக்கு நடிக்கத் தேவை இருக்கவில்லை. நாதியா அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "முப்பது வருஷமாகச் சமைக்கிறேன், இப்படி ஒரு மூச்சு நான் கேட்டதில்லை. வேலைக்கு வருகிறாயா?" என்றா.

முலோக்கியா, பசளிக் கீரையும் வெண்டிக்காயும் சேர்ந்த மாதிரி வழுவழுவென்று, மேலே உள்ளி வாசம். இவர் மூன்று கோப்பை சாப்பிட்டார், பின்கதவுக்கு முதுகு காட்டி இருக்கச் சொன்னேன், அப்படித்தான் இருந்தார். என் மிளகாய்த்தூளை நாதியா மணந்து பார்த்து, ஒரு கரண்டி எடுத்து வைத்துக்கொண்டா. வயிற்றுக்கு எங்கள் மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு எட்டு நாள், ஒன்றும் ஆகவில்லை.

அப்போ ஏன் வரமாட்டாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன், இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். அன்று திரும்பி வரும்போது ரியூப்பில் இருந்து ஒன்றை யோசித்துப் பார்த்தேன். இருபத்துமூன்று வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறோம். என்ன கதைக்கிறோம்? "சாப்பிட்டீங்களோ?" "ஓம், நீ?" "ஓம்." "என்ன கறி?" "மீனும் கத்தரிக்காயும்." "குளிரோ?" "குளிர்தான்." அவ்வளவுதான். இந்த வருஷம் ஊரில் சண்டை உச்சத்தில் நின்ற தை தொடங்கி வைகாசி வரைக்கும் அதுவும் சுருங்கி, "சாப்பிட்டனியோ?" என்ற ஒரு கேள்விதான் மிஞ்சியிருந்தது. அதற்கு அப்பால் எதைக் கேட்டாலும் என்ன பதில் வரும் என்று உங்களுக்கும் பயம், எனக்கும் பயம். சாப்பாட்டைக் கேட்டே அந்த மாதங்களைக் கடத்தினோம். இப்போது நைல் கரையில் ஒரே மேசையில், நீங்கள் எதிரில், சாப்பாடு நடுவில். கண்ணுக்கு முன்னால் கிடக்கும் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு "என்ன கறி?" என்று எப்படிக் கேட்பது? அதைவிட்டால் என்னிடம் வேறு கேள்வி இல்லையே, அண்ணை. உங்கள் குரலை எனக்குத் தெரியும். உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது உங்களுடைய இருபத்தெட்டு வயதில். போட்டோவில் இருக்கிற தலை வழுக்கையான ஆளுக்கு முன்னால் இருந்து நான் என்ன கதைப்பேன்? குழாய்த் தண்ணீருக்கு மருந்து இருக்கிறது. இதற்கு எங்கள் கடையில் ஒன்றும் இல்லை.

ஆகவே வரவில்லை. நாலு பேருக்கு மேசை போதும். முலோக்கியாவை நீங்கள் ஆறுதலாகச் சாப்பிடுங்கள். மச்சாளுக்கு என் அன்பு, முழங்கால் நோவுக்கு அந்தத் தைலத்தையே பூசச் சொல்லுங்கள். யனுஷனுக்கும் தக்ஷிகாவுக்கும் ஆளுக்கொரு முத்தம். எல்லோரையும் ஒரு குறையும் அண்டாமல் அந்தக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் அன்புத் தங்கை,
சுசிலா

பி.கு.: 22.12.2009, ஹீத்ரோ. பனியால் எங்கள் கெய்ரோ விமானம் மூன்று மணி நேரம் தாமதம். இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை, கைப்பையில் ஜெல்லுக்கும் கரண்டிகளுக்கும் நடுவில் இருக்கிறது. நாளைக்கு மேசையில் வந்து இருந்ததும் ஒன்றும் சொல்லாமல் உங்கள் கையில் தருவேன். நீங்கள் எழுத்துக்கூட்டி ஆறுதலாக வாசிக்கிற ஆள், கால் மணி நேரமாவது எடுக்கும், அதுவரைக்கும் நான் ஒன்றும் கதைக்கத் தேவையில்லை, உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இவரைக் குசினிக் கதவுக்குப் பக்கத்தில் இருத்தவேண்டாம். உள்ளே யாராவது மூச்சை இழுத்தால் இவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கோ. வாசித்து முடித்ததும் நிமிர்ந்து பாருங்கோ. நான் உங்களுக்கு முன்னால் இருந்து, வாய் நிறையச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாலும் பரவாயில்லை, அண்ணை. "சாப்பிட்டனியோ?" எண்டு கேளுங்கோ.