செட்டியார்பட்டி ஏர்போர்ட்

"ஏர்போர்ட் வாற எடத்த எவளாச்சும் விப்பாளா சார்? நீங்களே சொல்லுங்க."

வகுப்பு வாசலில் நின்று ஆனந்தவல்லி இப்படிக் கேட்டதும் ஆஸ்டின் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக முறிந்தது.

ராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் பத்து வருஷமாக இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவர் ஆஸ்டின். மாதக் கடைசிக்குள் மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சொந்தமாக ஒரு கொட்டகை போட்டுக்கொள்ளலாம் என்று செட்டியார்பட்டியில் ஆனந்தவல்லியின் மூன்று சென்ட்டைப் பேசி முடித்திருந்தார். வெள்ளிக்கிழமை பத்திரம். அது கைநழுவினால் வகுப்பு நடுத்தெருவில்தான்.

"எந்த ஏர்போர்ட்டு அக்கா?"

"நேத்து நீங்கதான ஆறு பேரைக் கூட்டியாந்து, கொடி நட்டு, டேப்பு புடிச்சு அளந்தீக?"

அடக் கடவுளே! அது பாடம். அட்வான்ஸ்டு பேட்ச்சுக்கு இந்த வாரம் விமான நிலையமும் பொது வளர்ச்சியும். ரன்வே, டெர்மினல், நில எடுப்பு, கருத்துக் கேட்புக் கூட்டம் என்று இங்கிலீஷில் போர்டு நிறைய எழுதியும் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. சரி, வாங்கப் போகிற இடத்துக்குப் பக்கத்துப் பொட்டலிலேயே நடித்துக் காட்டுவோம் என்று கூட்டிப் போனார். பட்டாளத்தில் ஓய்வு பெற்ற முத்துப்பாண்டி சிவப்புத் துணி கட்டி ரன்வே போட்டார். லண்டனில் நர்ஸாகத் துடிக்கிற யுவராணி அதிகாரியாக நடித்தாள். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரை இங்கிலீஷிலேயே விரட்டிவிட்டாள் புண்ணியவதி.

"அது சும்மா பாடம்க்கா!"

"ரோடு அளக்க வந்தவுகளும் மொதல்ல சும்மான்னுதான் சொன்னாக. எங்க வீட்டுத் திண்ணையே போச்சு" என்று சொல்லிவிட்டு ஆனந்தவல்லி படியிறங்கினாள்.

அன்று சாயங்காலமே ஆஸ்டின் செட்டியார்பட்டிக்குப் போனார். பொட்டலில் ஒரு போர்டை நட்டார். 'இங்கு விமான நிலையம் வராது.' கொட்டை எழுத்தில், பெயின்ட்டில். அப்பாடா என்று வீட்டுக்கு வந்து படுத்தார்.

விடிந்து போய்ப் பார்த்தால் போர்டைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். பக்கத்தில் புதிதாக ஒரு டீக்கடை வேறு முளைத்திருந்தது. ஊர்ப் பெரியாள் மலைச்சாமி கூட்டத்துக்கு விளக்கிக் கொண்டிருந்தார்.

"ஏலே, வராத ஒண்ணுக்கு எவனாச்சும் போர்டு வைப்பானா? பக்கத்து ஊர்ல வராதுன்னு வச்சிருக்கானா? இங்க மட்டும் ஏன் வச்சான்? யோசிங்கலே!"

எல்லாரும் யோசித்தார்கள். பாழாய்ப் போன ஆஸ்டினுக்கே செத்த நேரம் அது நியாயமாகத்தான் பட்டது.

இனி அரசாங்கமே சொன்னால்தான் உண்டு என்று பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தார்.

"விமான நிலையம் வராதுன்னு ஒரு லெட்டர் வேணும் சார்."

"எங்க வராது? வரைபடம் இருக்கா?" என்றார் குமாஸ்தா.

யுவராணி பாடத்துக்காகக் கலர் பென்சிலில் வரைந்த படம் பையில் இருந்தது. கொடுத்தார். குமாஸ்தா அதை மனுவோடு சேர்த்துக் குத்தி, 'பொருள்: செட்டியார்பட்டி விமான நிலையம்' என்று எழுதி, நம்பர் போட்டு, சீல் வைத்து ரசீதை நீட்டினார். "லெட்டர் குடுக்க மேலதிகாரிகிட்ட கேக்கணும். நாளாகும்."

ரசீதையாவது காட்டுவோம் என்று ஊருக்கு எடுத்து வந்ததுதான் தப்பு. மலைச்சாமி சீலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வீடு ஜெராக்ஸ் போய்விட்டது.

ஆஸ்டினுக்கு அழுகையே வந்தது. வியாழக்கிழமை ஆறு மாணவர்களையும் கூட்டிப்போய் ஊர் நடுவே நிறுத்தினார்.

"நடந்தது பாடம்தான்னு உங்க வாயாலயே சொல்லுங்கப்பா!"

சொன்னார்கள். ஆனால் மைக்கைப் பிடித்ததும் முத்துப்பாண்டிக்கு, "லேடீஸ் அண்ட் ஜென்டில்மேன்" என்றுதான் வாயில் வந்தது. மற்ற ஐந்து பேரும் அவரைவிட ஒரு படி மேலே போனார்கள். இத்தனை வருஷத்தில் இப்படிப் பிழையில்லாத இங்கிலீஷை ஆஸ்டின் கேட்டதே இல்லை. ஊருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள்.

"டெல்லி ஆபீசர்மார் எம்புட்டு அழகாப் பேசுதாக!" என்றார் மலைச்சாமி.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆனந்தவல்லி போன் பண்ணினாள். "மன்னிச்சுக்கோங்க சார். ரெட்டை வெல குடுத்தாக, எடம் கைமாறிப் போச்சு. காலையில ஸ்ரீவில்லிபுத்தூர்ல பத்திரம் எழுதுற சந்தனத்துக்கிட்ட வச்சுதான் அக்ரிமெண்ட் போட்டோம்."

ஆஸ்டின் சாப்பிடாமல்கூட ஓடினார். கோர்ட்டுப் பக்கம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த சந்தனத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரோ ஒரு ஏமாளி மோசம் போயிட்டான் சந்தனம். எனக்கும் போக்கிடம் இல்ல. ஆளு யாருன்னு மட்டும் சொல்லுங்க. அங்க ஏர்போர்ட் வராதுன்னு நானே போய், ஆனா ஆவன்னாவிலிருந்து பாடமா நடத்திப் புரிய வச்சிருதேன்!"

சந்தனம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீங்க நடத்துன பாடத்த நம்பித்தான் சார் வாங்கிருக்காக. உங்க அட்வான்ஸ்டு பேட்ச் ஆறு பேரும் சேந்து... கையெழுத்துகூட இங்கிலீஷ்லதான் போட்டாக!"