சட்டை முதுகில் ஓர் எச்சரிக்கை

பயந்த அம்மாக்களின் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் அடிபடுகிறது என்பது என் சந்தேகம். ஆதாரம், நானே.

மகன் நிதினுக்கு அப்போது இரண்டரை வயது. அவனுடைய அப்பா இரண்டு கைகளையும் பிடித்து ராட்டினம் சுற்றியதில் ஒரு முழங்கை நழுவிவிட்டது. பொன்னேரி டாக்டர் ஒரே திருப்பில் சரிசெய்தார்.

"எலும்பு மட்டும் மூட்டைத் தாங்காதும்மா. சுத்தியிருக்கற தசைங்களும் இறுக்கிப் புடிக்கணும். சின்னப் பசங்களுக்கு உள்ள இருக்கற நாரும் லூசு, தசைக்கும் தெம்பு பத்தாது. கையப் புடிச்சு இழுக்காதீங்க."

(நான் கணவரைப் பார்த்த பார்வையை அவர் இன்றும் மறக்கவில்லை.)

அடுத்த வாரமே நாத்தனார் கல்யாணம். மண்டபம் நிறைய உறவு. அத்தனை பேருக்கும் முழங்கைப் பாடம் எடுக்க முடியுமா? அட்டையில் 'கையைப் பிடித்து இழுக்காதீர்கள்' என்று சிவப்பில் எழுதி, பட்டுச்சட்டையின் முதுகில் ஊக்கு குத்திவிட்டேன்.

"இன்னாடி, புள்ளய கும்மிடிப்பூண்டி லாரி மாரி ஆக்கிட்ட? கீழ 'ஹாரன் அடிக்கவும்'னு எழுது" என்றார் கணவர்.

"நானும் மூணு புள்ளய கையப் புட்சி இஸ்துகினுதான் போனேன். எவன் கையாவது கயண்டு வுழுந்துச்சா?" என்றார் மாமியார். நான் அசையவில்லை. படித்தவள் அல்லவா!

பந்தியில் சாம்பார் வாளி வந்தது. நிதின் அதை நோக்கி ஓடினான். பிடிக்கப் போன பெரியப்பா அட்டையைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டார். சித்தி பின்வாங்கினார். "தொடாதப்பா, எழுதிக்கீது பாரு!" என்றது ஒரு குரல். மொத்தப் பந்தியும் என் எழுத்துக்குக் கட்டுப்பட்டது. ஒருத்தியைத் தவிர.

பாய்ந்து போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். 'டிக்'. பிறகு மண்டபம் அதிர ஓர் அலறல்.

அதே டாக்டர். அட்டை இன்னும் முதுகில் இருந்தது. நிதானமாகப் படித்தார்.

"இத எழுதுனது யாரு?"

"நான்தான், சார்."

"இழுத்தது?"

மாமியார் என் சார்பில் பதில் சொன்னார்: "அதுவும் அவதான்."

மறுபடி ஒரு திருப்பு. சற்று நேரத்தில் நிதின் அதே கையால் டாக்டர் மேஜையிலிருந்த பேனாவை எடுத்தான். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.

"சாம்பார்ல வுழறதுக்கு இது தேவலாம்மா," என்றார் நடந்ததைக் கேட்ட டாக்டர். "திடீர்னு இழுத்தா தசை இறுக்கிக்க நேரம் இருக்காது. அதான் நழுவிடுது. வளர வளர சரியாயிடும்."

'தசை இறுக்கிக்க நேரம் இருக்காது' என்றதை மட்டும் என் குடும்பம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கணவர் பீரோவைத் திறக்கும்போது கதவிடம் சொல்வார்: "இழுக்கப் போறேன், டைட் பண்ணிக்கோ!" மாமியார் கொடியில் காயும் புடவையிடம் சொல்வார்.

நிதினுக்கு இப்போது எட்டு வயது. போன வாரம் பொன்னேரி ஸ்டேஷனில், எனக்கு முன்னால் ரயிலில் ஏறியவன் திரும்பிக் கையை நீட்டினான்.

"அம்மா, இழுக்கப் போறேன். டைட் பண்ணிக்கோ!"

பெட்டியே பார்த்தது. நான் பண்ணிக்கொண்டேன்.