குப்பிக் கிருமிகள் காலமான விவரம்

கரடியூர்,
மார்கழி 4

செல்வ மகள் கௌரிக்கு அப்பா பொன்னுவேல் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் நாயும் சுகம். பனிக்கு என் முழங்கால் மட்டும் சுகமில்லை. பெங்களூரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் கடிதம். உன் கிருமிகள் போய்விட்டன.

பதறாமல் படி. போன தை மாதம் அம்மாவின் வருஷத் திதிக்கு வந்தவள், நாம் காப்பிப்பழத் தோல் கொட்டுகிற குழியில் எதையோ சுரண்டி இரண்டு குப்பியில் போட்டு, ஒன்றை நம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மற்றதோடு அன்று மாலையே பஸ் ஏறினாய். "இதுக துத்தநாக உப்பைத் தின்னுட்டு, கம்ப்யூட்டர் சில்லுக்குப் போடற மாதிரிச் சரக்கைக் கண்ணுக்குத் தெரியாத பொடியாப் பண்ணுதுங்கப்பா" என்றாய். ஃபேக்டரியில் உலை வைத்துச் செய்கிற வேலையை இவை குளிரில் உட்கார்ந்தபடி செய்கின்றனவாம். நம் வீட்டில் இவ்வளவு சுறுசுறுப்பானவர்கள் இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. வாராவாரம் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினேன். பேச்சுத்துணைக்கு வேறு ஆளில்லாததால் "சாப்பிட்டீங்களா" என்றும் கேட்டுவைப்பேன்.

போன வாரம் உங்கள் காலேஜ் ஃப்ரிட்ஜ் கெட்டு அங்கிருந்ததெல்லாம் செத்துப்போக, "அந்தக் குப்பி ஒண்ணுதாம்ப்பா பாக்கி. அது போச்சுன்னா மூணு வருஷப் படிப்பும் போச்சு. ஞாயித்துக்கிழமை ஆள் அனுப்பறேன்" என்றாய். அன்றைக்கே சனி பிடித்தது. இரண்டு நாள் கரண்ட் இல்லை. குப்பியைத் துண்டில் சுற்றி, ஸ்கூட்டரில், கரண்ட் இருந்த பக்கத்து ஊர் வெள்ளக்கடைக்கு, அற்புதம் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனால், அந்த அக்கா மூடியைத் திறந்து முகர்ந்து, "ஏனுங்க, ஆப்பத்துக்குக் கள்ளுங்களா?" என்று கரண்டியைத் தேடுகிறது. பயந்து திருப்பிக் கொண்டுவந்து, காப்பிக்கொட்டை புளிக்கப் போடுகிற தொட்டியின் மேடையில் வைத்தேன். அங்கேதான் வினை. குளிருக்குத் தொட்டியில் கொட்டை புளிக்காமல், மேலிருக்கும் வழவழப்பு விடாமல் கிடந்தது. நம் தோட்டத்து ஆள் அய்யாக்கண்ணு, "பாப்பா வளத்த கிருமிதானுங்களே, வெரசாப் புளிக்கட்டும்னு ஊத்திட்டனுங்க" என்கிறான். விஷயம் தெரியாதவனை என்ன சொல்ல? நீயும் திட்டாதே.

சேர்வராயன் சாமி உனக்கு நல்ல புத்தியும் வேறு நல்ல கிருமியும் கொடுக்கட்டும். ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: கௌரி, மேலே எழுதியது எல்லாம் பொய். கரண்ட் போகவில்லை. அற்புதம் அக்கா குப்பியைப் பார்த்ததே இல்லை. அய்யாக்கண்ணு பத்து நாளாக மாமனார் ஊரில் இருக்கிறான். நான்தான் கொட்டினேன், ஆள் அனுப்புகிறேன் என்று நீ சொல்லி போனை வைத்தவுடனே. குப்பி இல்லையென்றால் நீயே வந்தாக வேண்டும் என்று நினைத்துவிட்டேன். உன் மூன்று வருஷம் கொட்டின பிறகுதான் ஞாபகம் வந்தது. காப்பித்தோல் குழியில் அவை இன்னும் இருக்கும், யாரையும் கை வைக்க விடவில்லை. எந்த இடத்தில் சுரண்டினாய் என்று உனக்குத்தான் தெரியும். என்னோடு பேச வேண்டாம் கண்ணு, குழிக்காவது வந்துவிட்டுப் போ.