பின்பக்கம் இல்லாத நாட்டின் அரங்கு

உலகுக்கு நாகரிகத்தைக் கற்றுக்கொடுத்த நாடு சீர்நாடு. வீடு கட்டுவது, வீதி அமைப்பது, நோய்க்கு மருந்து கொடுப்பது எல்லாம் அங்கிருந்துதான் மற்ற நாடுகளுக்குப் போயின. சீர்நாட்டுப் பாடநூல்கள் அனைத்தும் இதை ஒரே குரலில் சொல்கின்றன. மற்ற நாட்டுப் பாடநூல்களில் இது இன்னும் இடம்பெறவில்லை. போனவை திரும்பி வரவும் இல்லை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மன்னர் எந்த ஊருக்குப் போனாலும் அவர் பார்வை படும் இடத்தில் ஓவியம் தீட்டிய வண்ணத்திரை கட்டுவார்கள். வறண்ட குளத்துக்கு முன்னால் ததும்பும் குளம். காலி மனைக்கு முன்னால் பள்ளிக்கூடம். இப்போதைய மன்னரின் பாட்டனார் ஒருமுறை குப்பைமேடு ஒன்றைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டை வெறுத்துவிட்டதால் வந்த ஏற்பாடு இது. மன்னர் கடந்துபோனதும் திரையைச் சுருட்டி மாட்டுவண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்புவார்கள். இதற்கென்றே காட்சித்துறை என்று ஒரு துறை.

நாளடைவில், மன்னர் எந்நேரமும் வரக்கூடும் என்பதால் திரைகளை அவிழ்க்கவே வேண்டாம் என்று ஆணை வந்தது. அவிழ்க்காத திரையைக் கட்டடமாகவே கருதலாம் என்று நிதித்துறை விளக்கம் தந்தது. அப்படித்தான் சீர்நாட்டில் ஊருக்கு ஊர் மருத்துவமனை வந்தது.

மருத்துவமனை வந்துவிட்ட ஊரில் வீட்டிலேயே பிள்ளை பெற்றுக்கொள்வது அந்த மருத்துவமனையை அவமதிப்பதாகும் அல்லவா? எனவே மருத்துவச்சிகள் பிரசவம் பார்த்தால் சிறை என்று அடுத்த ஆணை பிறந்தது.

கள்ளிமேடு என்ற ஊரில் மருத்துவமனைத் திரையின் நிழலில் உட்கார்ந்து வடை சுட்டு விற்றுவந்தவள் அன்னக்கொடி. அவள் மகள் செவந்திக்கு முதல் பிரசவத்தில் வலி கண்டபோது மருத்துவச்சி கதவைத் திறக்கவில்லை. "என்னையத் தூக்கி உள்ள வச்சிருவாங்க தாயி" என்று சன்னல் வழியாகச் சொல்லி அழுதாள். எல்லைக்கு அப்பால் இருந்த ஊருக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். பாதி வழியிலேயே குழந்தை போய்விட்டது. மாவட்ட அதிகாரி வந்து விசாரித்தார். உள்ளூரில் மருத்துவமனை இருக்கையில் வெளியூர் கிளம்பியது குடும்பத்தாரின் பிழை என்று முடிவு சொன்னார்.

இப்போது செவந்தி மறுபடியும் உண்டாகியிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பவளத்தீவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே கடற்கரையோரம் உலகத் தோட்டம் என்று ஒரு பெரிய கேளிக்கைப் பூங்கா. ராட்டினங்களுக்கும் நீர்ச்சறுக்குகளுக்கும் நடுவே ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அரங்கு. அந்தந்த நாட்டு வீதி ஒன்றை அப்படியே அமைத்து, அந்த நாட்டு மக்களையே அதில் நடமாட விட்டு, வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள். சீர்நாட்டுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

காட்சித்துறை அமைச்சர் அறவாழியார் தாமே முன்னின்று அரங்கை வடிவமைத்தார். ஒரு குளம், ஒரு பள்ளி, ஒரு மருத்துவமனை. வாசலில் வைக்க வரலாற்றுக் கல்வெட்டு ஒன்றும் தயாரானது. இனிமேல் கட்டப்போகும் அந்த அரங்கு ஈராயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்தது என்று அது சொன்னது.

வரைபடங்கள் தீவுக்குப் போயின. தோட்டத்துப் பொறியாளர்கள் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்கள்: முன்பக்கப் படம் மட்டும் வந்திருக்கிறது, பின்பக்கமும் பக்கவாட்டும் எங்கே? காட்சித்துறை ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாக முன்பக்கம் மட்டுமே வரைந்தவர்கள். அவர்களுக்குக் கேள்வியே புரியவில்லை. கடைசியில் அமைச்சர் பதில் அனுப்பினார்: "எங்கள் நாட்டில் கட்டடங்களுக்குப் பின்பக்கம் வைக்கும் மரபு இல்லை."

தோட்டத்தார் மரபை மதித்தார்கள். ஆனால் அவர்களிடம் ஒரு சட்டம் இருந்தது. கதவு என்றால் திறக்க வேண்டும். குழாய் என்றால் தண்ணீர் வர வேண்டும். மருத்துவமனை என்று பலகை தொங்கினால் உள்ளே மருத்துவர் இருக்க வேண்டும். வருகிறவர்கள் பலகையை நம்பிவிடுவார்கள் என்று அவர்கள் பயந்தார்கள்.

அமைச்சரவை அவசரமாகக் கூடியது. இது உள்நாட்டு விவகாரத்தில் தலையிடுவதாகும் என்றார் ஒருவர். பலகையைக் கழற்றிவிடலாம் என்றார் இன்னொருவர். மருத்துவமனை இல்லாத நாடு என்று உலகம் நினைக்காதா என்று கேட்டு அவரை உட்காரவைத்தார்கள். வேறு வழியில்லாமல், மருத்துவமனையை மருத்துவமனையாகவே கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. ஒன்றே ஒன்றுதானே, அதுவும் அயல்நாட்டில்தானே என்று எல்லோரும் ஆறுதல் அடைந்தார்கள்.

அரங்கில் நடமாடுவதற்கு மகிழ்ச்சியான குடிமக்களைத் தேடி அதிகாரிகள் ஊர் ஊராகப் போனார்கள். கள்ளிமேட்டில் அவர்களில் இருவர் வடை தின்றுகொண்டே தோட்டத்தின் சட்டத்தைத் திட்டித் தீர்த்தார்கள். அன்னக்கொடியின் கரண்டி எண்ணெயிலேயே நின்றுவிட்டது.

"அப்போ அங்க இருக்குறது நெசமான ஆஸ்பத்திரியா சாமி?"

"ஆமாம்மா. கட்டில், மருந்து, டாக்டர், எல்லாக் கண்றாவியும்."

மறுநாள் அன்னக்கொடி குளித்துப் பொட்டிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு தேர்வு நடந்த இடத்துக்குப் போனாள். யார் எது கேட்டாலும் சிரித்தாள். அவளை உடனே எடுத்துக்கொண்டார்கள். செவந்தியைப் பார்த்ததும், தேர்வைப் பார்வையிட வந்திருந்த அமைச்சர் முகம் சுளித்தார். கண்காட்சியில் வயிற்றுப்பிள்ளைக்காரி எதற்கு என்றார்.

"நாட்டோட வளத்தைக் காட்டணும்னு சொல்லிக்கிட்டிருந்தீகளே எசமான். இதைவிடவா?" என்றாள் அன்னக்கொடி.

அமைச்சர் யோசித்தார். பிறகு செவந்தியின் பெயருக்கு நேரே 'வளம்' என்று எழுதச் சொன்னார்.

தீவில் மருத்துவரைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. கோசலை என்ற சீர்நாட்டுப் பெண்ணே அங்கே மருத்துவராக இருந்தாள். ஏன் நாட்டை விட்டு வந்தாய் என்று செவந்தி கேட்டாள். "வேலைக்கு ஆர்டர் குடுத்தாங்க. வாங்கிக்கிட்டுப் போய் நின்னேன். ஆஸ்பத்திரி காத்துல ஆடிக்கிட்டு இருந்துச்சு" என்றாள் கோசலை, அவள் நாடியைப் பிடித்தபடியே.

திறப்பு விழாவுக்கு மன்னர் வந்தார். மன்னர் கெட்டவர் அல்லர். அதைச் சொல்லியாக வேண்டும். சிறு வயதிலேயே அவருக்கு ஒரு பாடம் கற்பித்திருந்தார்கள்: அரசர் எதன்மீதும் சாயக்கூடாது, எதையும் தொடக்கூடாது, எந்தக் கதவையும் தள்ளக்கூடாது. அது கம்பீரத்துக்காக என்று நம்பியே அவர் வளர்ந்தார். நாடு முழுவதையும் பார்த்திருந்தார். நாட்டில் எதையும் தொட்டதில்லை.

அன்று கடற்கரை வெயில் கடுமையாக இருந்தது. கல்வெட்டை அமைச்சர் முழுவதுமாக வாசித்தார். மன்னருக்குத் தலை சுற்றியது. தம்மை அறியாமல் மருத்துவமனைக் கதவில் சாய்ந்தார். கதவு திறந்துகொண்டது, மன்னர் உள்ளே போய்விட்டார்.

உள்ளே ஒரு கூடம் இருந்தது. கூடத்துக்கு அப்பால் ஓர் அறை. அங்கே வலியில் முனகிய செவந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அன்னக்கொடி நின்றாள். மன்னர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். பிறகு, மூச்சு வாங்க ஓடிவந்த அமைச்சரைக் கேட்டார்:

"அறவாழி, நம் மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் இப்படி உள்பக்கம் உண்டா?"

அன்னக்கொடிதான் பதில் சொன்னாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

"எங்க ஊர்ல ஆஸ்பத்திரிக்குள்ள போனா அந்தப்பக்கம் சோளக்காடு வந்துரும் மகாராசா. எம் மகளோட மொதப் பிள்ளை வண்டியிலேயே போச்சு. இதாவது தங்கட்டும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, டாக்டரம்மா வரணும்."

மன்னர் தள்ளி நின்றார். தம் வாழ்நாளில் அவர் கேட்டு நடந்த முதல் ஆணை அது. சற்று நேரத்தில் உள்ளே குழந்தை அழுத சத்தம் கேட்டது. பெண் குழந்தை, நல்ல எடை. அதைத் துணியில் சுற்றி அன்னக்கொடி மார்போடு அணைத்துக்கொண்டாள். யார் கேட்டும் தரவில்லை.

அன்றிரவு மன்னர் உறங்கவில்லை என்பார்கள். நாடு திரும்பியதும் ஆணை பிறப்பித்தார்: "இனி சீர்நாட்டு மருத்துவமனைகள் அனைத்துக்கும் உள்பக்கம் இருக்க வேண்டும்."

அவர் சொன்னது இவ்வளவுதான். நிறைவேற்றும் பொறுப்பு காட்சித்துறைக்குப் போயிற்று. ஓவியர்கள் இரவு பகலாக உழைத்தார்கள். ஒவ்வொரு திரையிலும் மூடியிருந்த கதவை அழித்துவிட்டுத் திறந்த கதவை வரைந்தார்கள். அதன் வழியே ஒரு கூடம், கட்டில், புன்னகைக்கும் மருத்துவர். தூரத்திலிருந்து பார்த்தால் யாரும் ஏமாந்துவிடுவார்கள். கள்ளிமேட்டில் காய்ச்சலோடு வந்த கிழவர் ஒருவர் உள்ளே நுழையப்போய்த் துணியைக் கிழித்துவிட்டார். மருத்துவமனையை இடித்த குற்றத்துக்காக அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மன்னர் அடுத்த முறை அந்த வழியே சென்றபோது பல்லக்கிலிருந்தே உள்பக்கத்தைப் பார்த்தார். இறங்கித் தொட்டுப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியிருக்க வேண்டும். கை பல்லக்கின் திரைச்சீலையை விலக்கியது. ஆனால் பல்லக்கு நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லவும் அவர் பழகியிருக்கவில்லை.

அன்னக்கொடி பேத்தியோடு ஊர் திரும்பியபோது, கள்ளிமேட்டுப் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஒன்றை மட்டும் கேட்டார்கள்: கப்பல் எங்கே ஏறுவது? அதன்பிறகு நிறைமாதக்காரிகள் நகையை விற்றும் நிலத்தை அடகு வைத்தும் தீவுக்குப் போகத் தொடங்கினார்கள். தோட்டத்தின் வாசலில் நுழைவுச்சீட்டு வாங்கி, ராட்டினங்களைத் திரும்பியும் பார்க்காமல் நேராகச் சீர்நாட்டு அரங்குக்கு நடந்தார்கள். சொந்த நாட்டு மக்களே இவ்வளவு திரளாக வந்து காணும் அரங்கு வேறெதுவும் இல்லை என்று தோட்டம் அறிவித்தது. இது குடிமக்களின் தேசப்பற்றுக்குச் சான்று என்று அறவாழியார் அவையில் முழங்கினார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அந்த ஆண்டின் இறுதியில் அறவாழியாரும் தீவுக்குப் போனார். நுழைவுச்சீட்டு வரிசையில் அவரைக் கண்ட கோசலை, ஐயா என்ன இந்தப்பக்கம் என்று கேட்டாள். அரங்கை ஆய்வு செய்ய வந்திருப்பதாக அவர் சொன்னார். பக்கத்தில் அவருடைய மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

ஆய்வு விடியும்வரை நடந்தது. ஆண் குழந்தை.