மார்லிஸின் ஐந்து எஃப்களை நான் அழித்த கதை

என் மனைவி மார்லிஸ் கல்லூரியில் வாங்கிய ஐந்து எஃப்களையும் அவளுக்குத் தெரியாமல் அழித்துவிடுவது என்று அக்டோபர் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை தீர்மானம் செய்தேன். அவளுக்குத் தெரியாமல் நான் செய்யத் துணிந்த முதல் நல்ல காரியம் அது. கெட்ட காரியம் ஏற்கெனவே ஒன்று செய்திருக்கிறேன். அந்த ஐந்து எஃப்களும் அதனால் வந்தவைதான்.

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நீங்கள் என் பக்கம் இருப்பீர்களா, அவள் பக்கம் இருப்பீர்களா என்று எனக்குத் தெரியும்.

முப்பத்தாறு வருடங்களுக்கு முன்பு நடந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். மார்லிஸ் எங்கள் ஊர்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். முதல் பருவத்தில் ஐந்து பாடம். ஐந்திலும் ஏ. இரண்டாம் பருவத்தின் நடுவில் அவள் அம்மா மாட்டுக்கொட்டகை வாசலில் பனியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டார். பசுக்கள் கன்று போடும் காலம். மகள் போகாவிட்டால் பண்ணையே நின்றுவிடும். எல்லாப் பாடங்களிலிருந்தும் விலகுகிறேன் என்ற படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, என் கையில் கொடுத்துவிட்டு மார்லிஸ் பஸ் ஏறினாள்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிதான் கடைசி, ஆர்விட். மறந்துடாத."

"இதைக்கூடவா மறப்பேன்?"

மறக்கவில்லை. அதுதான் கொடுமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் படிவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். வழியில் பக்கத்து வீட்டு டுவேன் வண்டியை நிறுத்தினான். ஏரியில் பெர்ச் மீன் வெறிபிடித்துத் தூண்டிலைக் கடிக்கிறது என்றான். மார்ச் கடைசி. இன்னும் இரண்டு வாரத்தில் ஏரிப் பனிக்கட்டி உடைந்துவிடும். கல்லூரி உடையாது. ஏரிப் பனியில் துளை போட்டு, ஒரே ஒரு மணி நேரம் தூண்டிலோடு உட்கார்ந்துவிட்டு வந்து கொடுத்தால் போயிற்று என்று அவன் வண்டியில் ஏறினேன். அடுத்த முறை கடிகாரத்தைப் பார்த்தபோது மணி ஐந்தேகால்.

படிவத்தை, ஏரிமேல் போட்டிருந்த மீன்பிடிக் கூடாரத்தின் அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது.

நேரத்துக்குக் கொடுத்திருந்தால் பதிவேட்டில் ஐந்து டபிள்யூ விழுந்திருக்கும். விலகினார் என்று அர்த்தம். டபிள்யூ பரம சாது. அது பாட்டுக்கு ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கும், சராசரிக் கணக்கில் தலையிடாது. எஃப் அப்படியில்லை. எஃப் என்றால் பூச்சியம். வகுப்புக்கு வராமலே தோற்றவள் என்று அர்த்தம். கோடையில் மதிப்பெண் தாள் தபாலில் வந்த அன்று மார்லிஸ் அதைப் பிடித்துக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

"படிவத்தைக் குடுத்தியா, இல்லையா?"

"குடுத்தேனே. ஆபீஸ்ல தொலைச்சிருப்பாங்க."

அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் இத்தனை வருடமும் என் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. அதன் பிறகு அவள் கல்லூரிப் பக்கம் போகவில்லை. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் நானூறு பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு ஆக்கிப் போட்டாள். இந்த வருடம், ஐம்பத்தாறு வயதில், நர்ஸ் ஆக வேண்டும் என்றாள். அதே கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள்.

மறுப்புக் கடிதத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் எனக்குக் காட்டினாள்.

"சராசரி ரெண்டரை வேணுமாம். எனக்கு ரெண்டுதானாம்."

"அஞ்சு ஏ வாங்கினியே?"

"ஏ ஒவ்வொண்ணும் நாலு. எஃப் ஒவ்வொண்ணும் சைபர். கூட்டிப் பத்தால வகு."

வகுத்தேன். இரண்டுதான் வந்தது. தப்பாக வகுத்துவிட்டேனோ என்று மறுபடி வகுத்தேன். இரண்டேதான்.

"முப்பத்தாறு வருஷமாச்சு. இன்னுமா அதை வச்சிருக்காங்க?"

"நாம போன பிறகும் வச்சிருப்பாங்களாம். விடு, ஆர்விட். உருளைக்கிழங்கு வேகவைக்க யாரும் சராசரி கேக்க மாட்டாங்க."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். மேசையில் கல்லூரியின் விதிப் புத்தகம் கிடந்தது. அதில் ஒரு பக்கத்தின் மூலை மடிந்திருந்தது. என் அதிர்ஷ்டம் என்று நினைத்து அந்தப் பக்கத்தைப் படித்தேன். மாணவரின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு காரணத்தால் விலகல் பதிவாகாமல் போயிருந்தால், எஃப்பை டபிள்யூவாக மாற்றக் கோரி மனு செய்யலாம் என்று இருந்தது. மாணவரின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணம். என்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் எழுதியதில்லை.

நான் கவுண்டி நிர்வாகத்துக்காகச் சாலைப் பனி ஒதுக்கும் வண்டி ஓட்டுகிறவன். பனி விழும் வரை எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. திங்கட்கிழமையே கல்லூரிப் பதிவாளர் அலுவலக ஜன்னலில் போய் நின்றேன். உள்ளே ஆர்டிஸ் இருந்தாள். சர்ச் பாட்டுக் குழுவில் மார்லிஸுக்குப் பக்கத்தில் நிற்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை வா, போ என்பாள். ஜன்னலுக்குப் பின்னால் மரியாதை வந்துவிடும்.

"சொல்லுங்க ஐயா. யாரோட பதிவு?"

"மார்லிஸோடது."

"மாணவர் பதிவைப் பத்தி மாணவரைத் தவிர யார்கிட்டயும் பேசக்கூடாது. சட்டம்."

"நான் அவ புருஷன், ஆர்டிஸ். எங்க கல்யாணக் கேக்கை வெட்டிப் பரிமாறினதே நீதான்."

"நல்ல கேக். பதிவைப் பத்திப் பேச முடியாது."

"அவ இங்க படிச்சாளா இல்லையான்னாவது சொல்லு."

"சொல்ல முடியாது."

"உனக்குப் பின்னால மாட்டியிருக்கிற போட்டோவுல ரெண்டாவது வரிசையில நிக்கிறாளே."

ஆர்டிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போட்டோவுல யார் வேணும்னாலும் நிக்கலாம்."

நான் வேறு வழியில் போனேன். "சரி, எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு. விலகல் படிவத்தை ஒரு ஆள்கிட்ட குடுத்து அனுப்புறா. அவன் குடுக்கல. இப்ப என்ன பண்றது?"

"அந்தப் பொண்ணு மனு போடணும். அந்த ஆள் நடந்ததைத் தன் கையால எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"அந்த ஆளுக்குக் கொஞ்சம் கூச்ச சுபாவம்."

"அப்ப எஃப் அப்படியே இருக்கட்டும்."

"தபால்ல தொலைஞ்சு போச்சுன்னு அந்தப் பொண்ணே எழுதினா?"

"தபால் ஆபீஸ்ல இருந்து கடிதம் வாங்கிட்டு வரச் சொல்லுங்க. குழு வியாழக்கிழமை கூடுது. அதை விட்டா மார்ச்தான். அதுக்குள்ள நர்சிங் இடமெல்லாம் போயிடும்."

நர்சிங் என்று நான் வாயே திறக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவ்வளவு பதற்றம். கேட்காமலே ஒரு மனுப் படிவத்தையும் ஜன்னல் வழியாகத் தள்ளினாள்.

படிவத்தில் மார்லிஸின் கையெழுத்து வேண்டும். அதற்கு ஒரு தந்திரம் செய்தேன். குளிர்காலத்துக்கு முன்னால் வீட்டு ஹீட்டரைச் சரிபார்க்கும் கம்பெனியின் தாள் ஒன்று வந்திருந்தது. அதற்கு அடியில் மனுவைச் சொருகினேன்.

"மார்லிஸ், இங்க ஒண்ணு, அடியில ஒண்ணு. கையெழுத்துப் போடு."

"என்ன இது?"

"ஹீட்டர் சர்வீஸ்."

"அதுக்கு ரெண்டு கையெழுத்தா?"

"நம்மளது பெரிய ஹீட்டர்."

போட்டுக் கொடுத்தாள். ஒரு வார்த்தை படிக்கவில்லை. இவ்வளவு வெகுளியாக ஒருத்தி இருக்கிறாளே என்று அவள்மேல் எனக்கு இரக்கம் பொங்கியது.

இனி வேண்டியது குற்றவாளி. குற்றவாளி நானாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை அல்லவா? சாயங்காலம் டுவேன் வீட்டுக்குப் போனேன்.

"படிவத்தை நீதான் வாங்கிட்டுப் போய்த் தொலைச்சேன்னு ஒரு வரி எழுதிக் குடு. பனிக்கட்டியில துளை போடுற என் புது மெஷினை நீயே வச்சுக்க."

டுவேன் தலையாட்டினான். "நல்ல மெஷின்தான்."

"அப்புறம் என்ன?"

"மார்லிஸ் வாரா வாரம் எனக்கு ஒரு தட்டு ஹாட்டிஷ் அனுப்புறா. மேல மொறுமொறுன்னு உருளைக்கிழங்கு வச்சு, கறியோட சுட்டது. மெஷினைத் திங்க முடியாது, ஆர்விட்."

நாற்பது வருட நட்பு ஒரு தட்டு உருளைக்கிழங்கில் முடிந்தது. புதன்கிழமை மத்தியானம் கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்மேல் தாளை வைத்து நானே எழுத உட்கார்ந்தேன். ஒரு பொய்யை முதலில் எழுதினேன். கிழித்தேன். காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். மூன்றாவது தாளில் உண்மை தானாக வந்தது. அவள் பஸ் ஏறும்போது கையசைத்ததை எழுதினேன். கோடையில் அழுததை எழுதினேன். அவள் தோற்கவே இல்லை, தோற்றது நான், என் எஃப்களை முப்பத்தாறு வருடம் அவள் சுமக்கிறாள் என்று எழுதினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒரு சின்னப் பெண்ணின் படிப்பைச் சும்மா ஒன்றுமில்லாததற்காகக் கெடுத்தேன் என்று குழு நினைத்துவிடக் கூடாது அல்லவா? அதனால் அன்று நான் நாற்பத்தொரு மீன் பிடித்ததையும் எழுதினேன்.

ஆர்டிஸ் மனுவையும் கடிதத்தையும் வாங்கி, கடிதத்தில் சீல் குத்தினாள்.

"இதை மார்லிஸ் பாக்க மாட்டாளே? அதான் சட்டம் இருக்கே."

"இது மார்லிஸோட பதிவுல சேருது ஐயா. அவங்க பதிவை அவங்க எப்ப வேணும்னாலும் பாக்கலாம். அதே சட்டம்தான்."

"அதைத் திருப்பிக் குடு."

"சீல் குத்தியாச்சு."

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மார்லிஸ் கையில் ஒரு உறையோடு வீட்டுக்குள் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அஞ்சும் டபிள்யூ ஆயிடுச்சு. சராசரி நாலு. ஜனவரியில வகுப்பு ஆரம்பம், ஆர்விட்."

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அது நிஜம். ஆனாலும் நடிக்க வேண்டியிருந்தது. "அட, அது எப்படி?"

அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். என் கையெழுத்து எனக்கே தூரத்திலிருந்து தெரிந்தது. பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"மார்லிஸ், நான்..."

"ஹீட்டருக்கு எதுக்கு மாணவர் கையெழுத்துன்னு அன்னிக்கே கேக்கணும்னு இருந்தேன்."

"தெரிஞ்சேதான் போட்டியா?"

"அது தேவையே இல்ல. மறுப்புக் கடிதம் வந்த மறுநாளே என் மனு போயாச்சு. உன்கிட்ட கடிதத்தைக் காட்டினது மூணு வாரம் கழிச்சு. உன்னோட கடிதம் ஒண்ணுதான் குறைஞ்சுது. தானா வருவான்னு ஆர்டிஸ்கிட்ட சொல்லி வச்சிருந்தேன்."

"அப்ப உனக்கு எப்பவோ தெரியுமா?"

"அந்த வருஷம் ஆகஸ்ட்லயே டுவேன் சொல்லிட்டான்."

"இத்தனை வருஷம் ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். முதல் பத்து வருஷம் கோவத்தோட பாத்தேன். அப்புறம் நீ எப்ப வாய் திறந்தாலும், இப்ப சொல்லப் போறான்னு நினைப்பேன். நீ உப்பைக் கேப்ப."

"இந்தத் தடவையாவது நேரா கேட்டிருக்கலாமே. எழுதிக் குடுத்திருப்பேனே."

"டுவேன் பேர்ல எழுதி வாங்கிட்டு வந்திருப்ப."

அவள் என் கைமேல் கையை வைத்தாள்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்க, ஆர்விட். ரெண்டு இடத்துல அழுதுட்டேன். நீ இப்படியெல்லாம் எழுதுவேன்னு எனக்குத் தெரியாது."

பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு யாரும் ஏ கொடுத்ததில்லை. அந்த நிமிடம் கிடைத்தது போல இருந்தது. முப்பத்தாறு வருடப் பாரம் இறங்கி, நெஞ்சு லேசாகி, நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஒரே ஒரு தப்புதான்" என்றாள்.

"என்ன?"

"பதிவுல தப்பான தகவல் இருந்தா திருத்தச் சொல்லி மாணவர் மனு போடலாமாம். அதுவும் சட்டத்துல இருக்கு. மத்தியானமே போட்டுட்டேன். அன்னிக்குக் கிடைச்சது மொத்தம் ஒரு மீன், அதையும் பிடிச்சது டுவேன்னு. அவன் சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டான்."